பரணில் போட்டுவிட்ட பௌதிகம்

மாஸ்கோவின் மிர் பதிப்பகம் வெளியிட்ட பௌதிக நூல்களை, நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் சில ரூபாய்க்கு வாங்கியவர்கள் நாம். கெட்டி அட்டை, தைத்த கட்டு, தெளிவான கோட்டுப் படங்கள். சோவியத் அரசின் மானியத்தால் விலை குறைந்தது. விலை குறைந்ததால் நம் கண்ணில் மதிப்பும் குறைந்தது. எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்றிருந்தோம். 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்து வரத்து நின்ற பிறகும், கையிலிருந்த பிரதிகளையாவது காப்போம் என்று நமக்குத் தோன்றவில்லை. வீடு மாறும்போது எடைக்குப் போட்டோம். இரவல் வாங்கியதைத் திருப்பித் தரவில்லை. நூலகங்களில் பழசென்று கழித்துக் கட்டியபோது பார்த்தும் பேசாமல் வந்தோம்.

ஒன்றை மட்டும் விடவில்லை. ஐஐடி நுழைவுத் தேர்வுக்கு உதவியதால் இரோடோவின் கணக்குத் தொகுப்பை இறுகப் பிடித்துக்கொண்டோம். அது இன்றும் இந்தியப் பதிப்பாகக் கிடைக்கிறது. மதிப்பெண் தராது என்று நாம் நினைத்தவைதான் போயின. தராசவும் தராசவாவும் எழுதிய பள்ளி இயற்பியல் நூல் முழுக்க ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் பேசிக்கொள்வதுதான். எறிந்த பந்தின்மேல் எறிந்த கையின் விசை இன்னும் இருக்கிறது என்பது போன்ற, நம் எல்லோருக்குள்ளும் ஒளிந்திருக்கும் தப்பான எண்ணங்களை அங்கே மாணவர்கள் வெளிப்படையாகச் சொல்வார்கள். ஆசிரியர் கடிந்துகொள்ள மாட்டார். அது ஏன் சரியில்லை என்று அவர்களே காணும்வரை கூடவே நடப்பார். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பொறுமை வேண்டாம், சூத்திரம் போதும் என்று முடிவெடுத்தவர்கள் நாம்தான்.

தமிழில் வந்தவற்றையும் விட்டுவிட்டோம். பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' ருஷ்ய மொழியில் 1913-இல் முதன்முதலாக வந்த நூல். 1942-இல், லெனின்கிராட் முற்றுகையின்போது பசியால் இறந்தவர் அவர். அவருடைய எழுத்து நம் மொழிக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு பெரிய பேறு! அதைப் படித்து வளர்ந்த நாம், அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிக் கொடுக்க மறந்தோம்.

மிர் நூல்களின் கடைசிப் பக்கத்தில் வாசகருக்கு ஒரு வேண்டுகோள் இருக்கும்: உள்ளடக்கம், மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று மாஸ்கோ முகவரியும் கொடுத்திருப்பார்கள். நம்மில் எத்தனை பேர் ஒரு கடிதம் போட்டோம்? இன்றும் அதே கதைதான். சிலர் பழைய புத்தகக் கடைகளில் தேடியெடுத்து, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, யாரும் படிக்கும்படி இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நாம் இறக்கிக்கொள்கிறோம். ஒரு நன்றி, நம்மிடமிருந்து ஒரு புத்தகம், எதுவும் கொடுப்பதில்லை.

இன்னும் நேரம் இருக்கிறது. அச்சில் உள்ளதைக் காசு கொடுத்து வாங்குவோம். அச்சில் இல்லாததை, முக்கியமாகத் தமிழ்ப் பதிப்புகளை, நம் அலமாரியிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வீட்டிலும் தேடுவோம். கட்டைப் பிரிக்காமல், 300 டிபிஐக்குக் குறையாமல், முன்னட்டை முதல் அந்தக் கடைசிப் பக்கம் வரை ஸ்கேன் செய்து, தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு அனுப்புவோம். மூலப் பிரதியைப் பக்கத்துப் பள்ளியில், அதைப் பிரித்துப் படித்துக் காட்டக்கூடிய ஓர் ஆசிரியரிடம் கொடுப்போம். நாம் தொலைத்ததை நாம்தான் தேட வேண்டும். தேடினால் கிடைக்கும் தூரத்தில்தான் அவை இன்னமும் இருக்கின்றன.