தொட்டிச் செடியோட முடியற ஸ்மார்ட் பாசனம்

ஏழாவது செமஸ்டர் வந்தாச்சு. இனி டிபார்ட்மென்ட் முழுக்க ஒரே கேள்விதான்: "மச்சி, ப்ராஜெக்ட் டைட்டில் என்ன?" பத்து பேட்ச்ல ரெண்டாவது ஸ்மார்ட் பாசனமா இருக்கும். ஒரு ஆர்டுயினோ, மண் ஈரப்பத சென்சார், ரிலே, குட்டி பம்ப், ஒரு தொட்டிச் செடி. ரிவ்யூ அன்னைக்கு சென்சாரை டம்ளர் தண்ணியில முக்கினா பம்ப் நிற்கும். எக்ஸ்டர்னலும் தலையாட்டிட்டுப் போயிடுவார்.

அந்த சென்சாரை ஒரு மாசம் மண்ணுல விட்டுப் பார்த்திருக்கீங்களா? ரெண்டு கால் உள்ள அந்த மலிவான ரெசிஸ்டிவ் சென்சாருக்கு எப்பவும் டி.சி. கொடுத்துக்கிட்டே இருந்தால், ஈர மண்ணில் மின்னாற்பகுப்பு நடக்கும். ப்ளஸ் டூ வேதியியல்ல படிச்ச அதேதான். ஆனோடு பக்கத்துப் பூச்சும் செம்பும் கரையும். மண் ஈரமா இருக்கும்போதே சென்சார் 'காய்ஞ்சிருச்சு'ன்னு சொல்லும், மோட்டார் ஓடும். தொட்டியில அது ஒரு டம்ளர் தண்ணி. போர்வெல் போட்ட தோட்டத்துல?

ஸ்மார்ட் பாசனமே வேண்டாம்னு சொல்லல. கெட்டுப்போற அந்த சென்சாரையே ப்ராஜெக்டா எடுங்கன்னு சொல்றேன். மூணு தொட்டி, ஒரே மண், ஒரே அளவு தண்ணி. முதல் சென்சாருக்கு எப்பவும் சப்ளை. இரண்டாவதுக்கு மணிக்கு ஒரு தடவை, ரீடிங் எடுக்கும்போது மட்டும். மூன்றாவது கெபாசிடிவ் வகை. அதில் உலோகம் மண்ணைத் தொடாது. ரெண்டு மாசம் பதிவு பண்ணுங்க.

உண்மையான ஈரம் எவ்வளவுன்னு தெரிய சிவில் லேபுக்குப் போகணும். கொஞ்சம் மண்ணை எடை போட்டு, அவன்ல 105 டிகிரியில 24 மணி நேரம் காயவெச்சு, மறுபடி எடை போடுங்க. குறைஞ்ச எடைதான் தண்ணி. ஆர்டுயினோ காட்டுற 0 முதல் 1023 வரையிலான நம்பரை மேப் ஃபங்ஷன்ல போட்டு 'சதவீதம்'னு எழுதுறது காலிபரேஷன் இல்லீங்க!

'ரொம்ப சின்னதா இருக்கே, ஐ.ஓ.டி. சேருங்க'ன்னு கைடு சொல்லலாம். சேர்த்துக்கோங்க, தப்பில்லை. (இ.எஸ்.பி. 32 எடுத்தா சென்சாரை ஏ.டி.சி. 1 பின்ல போடுங்க. வைஃபை ஓடும்போது ஏ.டி.சி. 2 படிக்காது.) ஆனா 'இந்த சென்சார் எத்தனை நாள் உழைக்கும்?'னு வைவாவில் கேட்டா, காட்ட உங்க கையில ஒரு கிராஃப் இருக்கும். ரெடிமேட் கிட் வாங்கின பேட்சுக்கு அது இருக்காது.

தொட்டியில மண்ணை இந்த வாரமே போட்டுடுங்க. ரெண்டு மாச டேட்டாவை ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி எடுக்க முடியாது.