கைதட்டல் வேறு, கைகொடுத்தல் வேறு

எழுத்தாளன் தனியாகத்தான் இருக்க வேண்டும், கூட்டம் சேர்ந்தால் எழுத்துக் கெட்டுப் போகும் என்று ஓர் அபிப்பிராயம் வெகு காலமாகவே நம்மிடையே உலவி வருகிறது. சமீபத்தில் அதற்குப் புதிய மவுசு வந்திருக்கிறது. சென்னையில் பெயரும் புகழும் பெற்ற பெரியவர்கள் சிலர் மேடையேறி, "சிறிய ஊர்களில் இளைஞர்கள் மாதம் ஒருமுறை கூடிக் கதை படிக்கிறார்களாம்; கூடிப் பேசினால் கதை வந்துவிடுமா?" என்று கேட்கிறார்கள். சபையும் சிரிக்கிறது. கேட்பவருக்கு அதற்குள் பொன்னாடை போர்த்தியாகிவிட்டபடியால், பதில் சொல்ல யாரும் எழுந்திருப்பதில்லை.

நான் எழுந்திருக்கிறேன். விழுப்புரத்துக்காரன் என்ற உரிமை எனக்கு உண்டு. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே சுமார் நாற்பது கிலோமீட்டர். இருபது வருஷங்களுக்கு மேலாக, கதை எழுத ஆசைப்பட்ட நாங்கள் சிலர், அந்தச் சாலையில் பஸ்ஸில் போய்க் கொண்டும் வந்து கொண்டும்தான் இருந்திருக்கிறோம். எங்களில் எழுத்தாளர் ஆனவர்களும் உண்டு, ஆகாதவர்களும் உண்டு. ஆனவர்களுக்காக மட்டுமின்றி ஆகாதவர்களுக்காகவும் சேர்த்தே பேசுகிறேன்.

முதலில் பெரியவர்கள் சொல்வதில் உள்ள உண்மையை ஒப்புக்கொண்டு விடுவோம். நீ என்னைக் கம்பன் என்று சொல், நான் உன்னை இளங்கோ என்று சொல்கிறேன் என்கிற சங்கங்கள் இருக்கின்றன. கதையை முழுதும் படிக்காமலே "பிரமாதம்!" என்று எழுந்து நின்று சொல்லும் அன்பர்கள் இருக்கிறார்கள். எழுந்து நிற்கும் சிரமம்கூட இப்போது இல்லை. கைப்பேசியில் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டால் தீர்ந்தது. இந்தப் புகழ்ச்சியால் எழுத்துக் கெடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படிக் கெட்டுப்போன ஒன்றிரண்டு பேரை நானே அறிவேன்.

ஆனால் இதற்கெல்லாம் சிநேகம் என்று யார் பெயர் வைத்தது? கைதட்டுவது வேறு, கைகொடுப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பழிப்பது, கள்ள நோட்டு இருக்கிறது என்பதற்காக நல்ல நோட்டையும் அடுப்பில் போடுவது போலத்தான்.

தமிழில் நல்ல கதை எப்படி விளைந்தது என்று கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு கிராமம். 1923-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் ஒரே வார இடைவெளியில் அங்கே இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒன்று கி. ராஜநாராயணன், மற்றொன்று கு. அழகிரிசாமி. அழகிரிசாமி சீக்கிரமே கதை எழுத ஆரம்பித்துச் சென்னைக்குப் போய்ப் பத்திரிகைக்காரர் ஆனார். பின்னர் மலேயாவுக்குப் போய்த் 'தமிழ் நேச'னில் பணியாற்றினார். கி.ரா. ஊரிலேயே விவசாயம் பார்த்துக் கொண்டிருந்தார். அவருடைய 'மாயமான்' என்னும் கதை 'சரஸ்வதி'யில் வந்தபோது 1958-ஆம் வருஷம் ஆகிவிட்டது. வயது முப்பத்தைந்தை நெருங்கிக் கொண்டிருந்தது. அதுவரையில் அவர் என்ன செய்து கொண்டிருந்தார்? நண்பருக்குக் கடிதம் எழுதிக் கொண்டிருந்தார். நண்பரும் அவருக்கு எழுதிக் கொண்டிருந்தார். அழகிரிசாமியின் அந்தக் கடிதங்கள் பிற்பாடு புத்தகமாகவே வந்திருக்கின்றன. பிரசுரம், சன்மானம், கைதட்டல் எதுவுமில்லாத அந்த நீண்ட காலத்தில், தான் எழுதுவதை ஆவலோடு படிக்க உலகத்தில் ஒரே ஒரு மனிதன் இருக்கிறான் என்ற எண்ணம் எத்தனை பெரிய முதலீடு! அழகிரிசாமிக்கு 1970-இல் மறைவுக்குப் பின்னும், கி.ரா.வுக்கு 1991-இலும் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. ஒரே குக்கிராமத்துக்கு இரண்டு பரிசு. நிலத்தின் விசேஷம் என்று சொல்லிவிட்டால் சுலபமாகப் போய்விடும். சிநேகத்தின் விசேஷம் என்று நான் சொல்கிறேன்.

கும்பகோணத்துக்குப் போனாலும் இதே கதைதான். ந. பிச்சமூர்த்தியையும் கு.ப. ராஜகோபாலனையும் இரட்டையர் என்றே சொன்னார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த தி. ஜானகிராமன், எம்.வி. வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு மூவரும் கு.ப.ரா.வின் நிழலில் வளர்ந்தவர்கள். கு.ப.ரா. வைத்துக் கொண்ட புனைபெயர்களில் ஒன்று 'கரிச்சான்'. அதைப் பார்த்துத்தான் நாராயணசாமி தம்மைக் 'கரிச்சான் குஞ்சு' என்று சொல்லிக் கொண்டார். நான் அந்தப் பறவையின் குஞ்சு என்று பெயரிலேயே கடனை எழுதி வைத்த மனிதர் அவர். எம்.வி.வி. ஜரிகை வியாபாரத்தில் சம்பாதித்த கைப்பணத்தைப் போட்டு 1948-இல் 'தேனீ' பத்திரிகை நடத்தினார். அதே வருஷம் புதுமைப்பித்தன் காலமானார்; மூன்று வருஷத்துக்குள், 1951-இல், நண்பர் ரகுநாதன் அவருடைய வரலாற்றை எழுதிப் புத்தகமாகக் கொண்டுவந்துவிட்டார். இவர்களெல்லாம் தனித்தனி அறையில் கதவைச் சாத்திக் கொண்டுதான் எழுதினார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் எழுதி முடித்துக் கதவைத் திறந்தபோது வாசலில் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

எங்கள் ஊரைச் சொல்லாமல் விடலாமா? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட கடலூர்ச் சிறுவன் ஒருவன் விழுப்புரத்தில் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பாரதியும் பொதுவுடைமையும் அங்கேதான் அவனுக்கு அறிமுகமாயின. 1946-இல் சென்னைக்குப் போய்க் கம்யூனிஸ்டுக் கட்சியின் கம்யூனில் தோழர்களோடு தங்கினான். அங்கே உலக இலக்கியமே அவன் காதில் விழுந்தது. அந்தச் சிறுவன்தான் ஜெயகாந்தன். 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவருடைய தன்னந்தனித் துணிச்சலைப் பற்றிப் பேசாதவர் இல்லை. துணிச்சல் அவருடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் சோறு போட்டு, புத்தகம் கொடுத்து, வாதாடி, சிறுவன்தானே என்று ஒதுக்காமல் சரிசமமாக உட்கார வைத்த மனிதர்களை அந்தக் கணக்கில் ஏன் சேர்ப்பதில்லை?

சென்னைப் பெரியவர்களுக்கு நான் பணிவோடு சொல்லிக் கொள்வது இதுதான். உங்களுக்கும் கூட்டம் உண்டு. அதற்குக் கூட்டம் என்று பெயர் இல்லை, அவ்வளவுதான். பத்திரிகாசிரியரோடு காப்பி சாப்பிடுகிறீர்கள். பதிப்பாளர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறீர்கள். சந்தேகம் வந்தால் கன்னிமாராவுக்கு நடந்தே போய்விடலாம். எங்கள் விழுப்புரத்திலிருந்து ரயில் ஐந்து திசைகளில் போகிறது. பதிப்பகமும் பத்திரிகையும் எந்தத் திசையிலிருந்தும் வந்து இங்கே இறங்குவதில்லை. ஏறிய ஏணியை எட்டி உதைப்பது உலக வழக்கம். ஏணியே இல்லாமல் ஏறினேன் என்று சொல்வதுதான் புது வழக்கமாக இருக்கிறது.

எங்கள் சிநேகம் எப்படி வேலை செய்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். எங்களில் ஓர் இளைஞர் கரும்பு விவசாயியைப் பற்றிக் கதை எழுதிக் கொண்டு வந்தார். மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டுமென்று அந்த விவசாயி ஒரே ராத்திரியில் கரும்பை வெட்டி ஆலைக்கு ஏற்றிவிடுகிறார். நடை நன்றாக இருந்தது, கண்ணீர்கூட வந்தது. திண்டிவனத்தில் உரக்கடையில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர் மட்டும் முகத்தைச் சுளித்தார். "ஏம்பா, கட்டிங் ஆர்டர் வராம எவன் கரும்புல கத்தி வப்பான்? உன் ஆளு எந்த ஊரு?" என்று கேட்டார். அவ்வளவுதான், கதை இடிந்து விழுந்தது. இரண்டு மாதம் கழித்து அது திரும்பி வந்தபோது, ஆலையின் உத்தரவுக்காகக் காத்திருப்பதே கதையாகி இருந்தது. வயலில் கரும்பு காய, வீட்டில் கல்யாணத் தேதி நெருங்க, உத்தரவு வரவில்லை. முன்னதைவிட ஆயிரம் மடங்கு நல்ல கதை. அந்த உரக்கடை நண்பர் இன்றுவரை ஒரு கதையும் எழுதிப் பிரசுரித்ததில்லை.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். என் கதை ஒன்றில் மயிலம் பக்கத்துக் கிழவி ஒருத்தி மல்லாட்டை ஆய்ந்து கொண்டிருந்தாள். பத்திரிகையில் அச்சானபோது அவள் வேர்க்கடலை ஆய்ந்து கொண்டிருந்தாள். அந்தக் கிழவி ஆயுளில் உச்சரித்திராத வார்த்தை அது. எந்தப் பத்திரிகை என்பது முக்கியமில்லை. நான் சும்மா இருந்தாலும் நண்பர்கள் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கொரு கடிதம் எழுதிப் போட்டார்கள். அடுத்த கதையில் மல்லாட்டை மல்லாட்டையாகவே வந்தது. ஒரு வார்த்தைக்காக ஆறு பேர் தபால் செலவு செய்வதை நீங்கள் பொழுதுபோக்கு என்பீர்களா, இலக்கியம் என்பீர்களா?

இவற்றைவிடச் சின்ன உதவிகளும் உண்டு. ஒருவர் மனைவி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இன்னொருவர் ராத்திரி துணைக்கு இருந்தார். நின்றுபோன கதை அதனால் முடிந்தது. கையெழுத்துப் பிரதியைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து கொடுத்தவர் உண்டு. பஸ் சார்ஜுக்கு இருபது ரூபாய் கொடுத்துவிட்டு மறந்துபோனதாக நடித்தவர் உண்டு. இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இருபது ரூபாயைக் கணக்கில் எடுத்துக் கொள்வதில்லை.

இவ்வளவு தூரம் எங்கள் கட்சியை எடுத்துப் பேசிவிட்டேன். இனி எங்கள் கட்சிக்காரர்களிடமே ஒரு கேள்வி.

மேலூர் தாலுகா ஆபீஸில் உத்தியோகம் பார்த்து வந்த கு.ப.ரா.வுக்குக் கண்ணில் படலம் விழுந்து பார்வை மங்கிப் போயிற்று. அந்த நாட்களில் அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவர் தங்கை சேது அம்மாள். பிற்பாடு அவரும் நல்ல கதாசிரியை ஆனார். தமையனுக்குக் கண்ணாகவும் கையாகவும் தங்கை இருந்தார் என்று நாம் நெகிழ்ந்து போகிறோம். சரி, சேது அம்மாள் கதை எழுத உட்கார்ந்தபோது அடுப்பை யார் பார்த்துக் கொண்டார்கள் என்று நாம் ஒருவராவது கேட்டதுண்டா?

வை.மு. கோதைநாயகிக்குக் கதை சொல்ல வந்ததே தவிர, ஆரம்பத்தில் சரளமாக எழுத வரவில்லை. அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் 'இந்திர மோகனா' நாடகம் உருவாயிற்று. பின்னர் கோதைநாயகி 'ஜகன்மோகினி'யை ஏற்று நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களையும் எழுதினார். ஒரு தோழி பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகோலைப் பிடித்ததால் தமிழுக்கு ஒரு நாவலாசிரியை கிடைத்தார். பட்டம்மாளுக்குச் சிலை இல்லை.

இப்போது எங்கள் கூட்டத்தைப் பார்ப்போம். அது எங்கே நடக்கிறது? பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில், ராத்திரி ஏழரை மணிக்கு மேல். முடிவதற்குப் பத்து மணி ஆகிறது. பிறகு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம். "பெண்கள் ஏன் எழுத வருவதில்லை?" என்று அதே பெஞ்சில் உட்கார்ந்து கவலைப்படுகிறோம்! செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியை எழுதிய மூன்று கதைகளை நான் படித்திருக்கிறேன். எங்களில் யாருடைய மூன்று கதைகளுக்கும் அவை இளைத்தவை அல்ல. அந்த அம்மாள் ஏழரை மணிக்குத் தோசைக்கல் முன்னால் நிற்கிறார். அவருக்கு உரக்கடை நண்பர் இல்லை. 'உன் ஆளு எந்த ஊரு?' என்று கேட்க ஆள் இல்லை. நான்காவது கதையை அவர் இன்னும் எழுதவில்லை.

கூடிப் பேசுவதால் எழுத்துக் கெடும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு இந்தப் பயம் வந்ததே இல்லை. கூடிப் பேச முடியாததால் எழுதப்படாமலே போகிற கதைகள் எத்தனை? கெட்டுப்போன கதையையாவது படித்துப் பார்த்துக் கெட்டது என்று சொல்லலாம். எழுதாத கதையை என்ன சொல்வது?

ஆகையால் எங்கள் ஊர் நண்பர்களுக்கு என் யோசனை இது. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாற்றுங்கள். டீக்கடையை விட்டு நூலகத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ வாருங்கள். குழந்தையோடு வருகிறவர் குழந்தையோடு வரட்டும். சத்தம் போட்டால் உலகம் முழுகிவிடாது. வர முடியாதவருடைய பிரதியை ஒருவர் போய் வாங்கி வரட்டும். இன்னொருவர் உரக்கப் படிக்கட்டும். மற்றவர்கள் சொன்ன அபிப்பிராயத்தை எழுதித் திருப்பிக் கொடுக்கட்டும். நன்றாக இல்லாவிட்டால் நன்றாக இல்லை என்றே எழுதட்டும். பெண் எழுதியது என்று சலுகை காட்டுவதும் ஒருவகை அலட்சியம்தான்.

வீட்டுக்குப் போனதும் இன்னொரு காரியம் செய்யலாம். வாரத்தில் ஒரு மாலை தோசைக்கரண்டியை நீங்கள் வாங்கிக் கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலேயே ஒரு சேது அம்மாள் இருக்கக்கூடும். இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை, ஒருத்தருக்கு ஒரு மாலை ஓய்வு கிடைத்திருக்கும்.

சென்னைப் பெரியவர்கள் அடுத்த மேடையிலும் சிரிக்கத்தான் போகிறார்கள். சிரிக்கட்டும். நமக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது.