சிறைக்கும் ‘கேள்வி’ உண்டு

போதைப்பொருளால் கடத்தல்காரன் மட்டுமே பிழைக்கின்றான் என்று நம்புவோர் அமெரிக்காவைப் பார்க்கட்டும். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, 5 கிராம் ‘கிராக்’ விற்றவனுக்கும் 500 கிராம் கொக்கெயின் தூள் விற்றவனுக்கும் ஒரே தண்டனை: குறைந்தது ஐந்தாண்டுச் சிறை. ‘கிராக்’ வழக்குகளில் சிக்கியோர் பெரும்பாலும் கறுப்பினத்தவர். 2010இல் இந்த 100க்கு 1 என்ற விகிதம் 18க்கு 1 ஆனது. அத்தோடு நீதி களைத்துவிட்டது போலும்!

பின்னர் கோர்சிவிக் எனப் பெயர் மாறிய தனியார் சிறைக் கம்பனி, 2010ஆம் ஆண்டறிக்கையில், போதைப்பொருட் சட்டங்கள் தளர்ந்தால் தனது சிறைகளுக்கான கேள்வி குறையக்கூடும் என முதலீட்டாளரை எச்சரித்தது. (பொருளியலில் நிரம்பலோடு சேர்த்துப் படித்தோமே, அதே கேள்விதான்.)

தனியார் சிறைகளில் இருப்போர் பத்திலொருவருக்கும் குறைவே எனச் சமாதானம் சொல்வர். அரசாங்கச் சிறைகள் மட்டும் என்னவாம்? மகனோடு பேசத் தாய் செலுத்தும் தொலைபேசிக் கட்டணத்திலும் பல சிறை நிர்வாகங்கள் தரகு பெற்றுள்ளன. தெருமுனையிலோ, பிடிபட்டவனின் இடத்துக்கு மறுநாளே இன்னொருவன் வந்துவிடுகின்றான்.