“லாயக்கில்லை” என்று டாக்டர் எழுதினால் வேலை போய்விடுமா?

விபத்தில் கால் முறிகிறது. அல்லது மாரடைப்பு வருகிறது. ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து எழுந்து, பல மாதம் கழித்து வேலைக்குத் திரும்புகிறார் ஒருவர். வாசலிலேயே கேள்வி: “டாக்டர் சர்ட்டிபிகேட் எங்கே?”

கேட்பது நியாயந்தான். கண் மங்கிய டிரைவரிடம் ஐம்பது பயணிகளை ஒப்படைக்க முடியுமா? ரெயில்வேயில் ஏ-1 முதல் சி-2 வரை வைத்திய வகுப்புகள் உண்டு. ரெயில் ஓட்டுகிறவர் ஏ-1. கண் பரிசோதனை அவருக்குத்தான் மிகக் கடுமை. அதில் தேறாதவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. கீழ் வகுப்பில் அவருக்குப் பொருத்தமான வேலை தேடுகிறார்கள்.

பல இடங்களில் கதை வேறு. டாக்டரிடம் கேட்பது ஒரே கேள்வி. பழைய வேலைக்கு லாயக்கா, இல்லையா? “இல்லை” என்று அவர் எழுதினால், அந்தச் சீட்டே வேலைநீக்க உத்தரவாகிவிடுகிறது!

கண் இழந்த லைன்மேன்

பஞ்சாப் மாநில மின்சார வாரியத்தில் ஓர் உதவி லைன்மேன். 1994 ஜனவரியில் அவருக்குப் பார்வை அடியோடு போய்விட்டது. இனிக் கம்பம் ஏறுவது எப்படி? தமக்கு ஓய்வு கொடுத்து, தம் மனைவிக்கு வேலை தரும்படி 1996 ஜூலையில் எழுதினார். அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வாரியம் அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டது.

ஆனால் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே ஊனமுற்றோர் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. வேலையில் இருக்கும்போது ஊனமடைந்தவரை நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும் என்றது 47-வது பிரிவு. வேறு வேலை இல்லையா? உபரிப் பதவி ஒன்றை உண்டாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

லைன்மேனுக்கு இது தெரியாது. வாரிய அதிகாரிகளுக்குமா தெரியாது? உரிமை அறியாதவர் எழுதிய கடிதத்தைக் காட்டி அவரை அனுப்பியது செல்லாது என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. ஓய்வு வயது வரை அவர் வேலையில் இருப்பதாகவே கருதிச் சம்பளம் தர உத்தரவிட்டது. கண் போய்ப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு!

நிறம் தெரியாத டிரைவர்

இன்னொரு வழக்கு தெலுங்கானா அரசு பஸ் டிரைவருடையது. 2014-ல் வேலைக்குச் சேர்ந்தவர். வைத்திய பரிசோதனையில் நிறக்குருடு என்று தெரிந்தது. 2016 ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். சட்டத்தின் ஊனப் பட்டியலில் நிறக்குருடு இல்லை என்பது கழகத்தின் வாதம்.

தொழிற்சங்கத்துடன் 1979-ல் செய்த ஒப்பந்தம் ஒன்று கைகொடுத்தது. நிறக்குருடான டிரைவருக்கு மாற்று வேலை என்று அதில் இருந்தது. 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு அந்த ஒப்பந்தத்தை உயர்த்திப் பிடித்தது. பொருத்தமான வேலை கொடு, பாக்கிச் சம்பளத்தில் 25 சதவிகிதம் கொடு என்று உத்தரவிட்டது. மாற்று வேலை தேடிப் பார்க்கவேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு என்பதுதான் இதில் முக்கியம்.

தனியார் மில்லில்?

இங்கேதான் சிக்கல். 1995-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2016-ல் புதுச் சட்டம் வந்தது. பழைய பாதுகாப்பு அதன் 20-வது பிரிவில் தொடருகிறது. ஆனால் அது அரசாங்க ஸ்தாபனங்களுக்கு மட்டுமே! தனியார் மில்லில் கை இழந்தவர் அந்தப் பிரிவைக் காட்டி வேலை கேட்க முடியாது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளவருக்கு நோய்க்காலத்தில், ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதவிகிதம் கிடைக்கும். பணம் சரி. திரும்பி வரும்போது எந்த வேலை?

பிரிட்டனில் 2010-ல் டாக்டர் சீட்டையே மாற்றினார்கள். “லாயக்கில்லை” என்பதோடு, “இன்ன மாற்றம் செய்தால் வேலை செய்யலாம்” என்றும் டாக்டர் குறிக்கலாம். நேரத்தைக் குறைப்பது, வேலையை மாற்றுவது, இடத்தைத் திருத்துவது, கொஞ்சங் கொஞ்சமாக வேலைக்குத் திரும்புவது என்று நான்கு வழிகள் சீட்டிலேயே அச்சாகியிருக்கின்றன. டாக்டர் சொன்னபடி செய்ய முதலாளியால் முடியாவிட்டால், தொழிலாளி இன்னும் தேறாதவராகவே கருதப்படுவார். நோய் லீவுக்கு அதே சீட்டுப் போதும். வேறு சீட்டு வாங்க அலையவேண்டியதில்லை.