தவணையில்லாக் கணினி

சென்ற வாரம் மக்ரிபு தொழுகைக்குப் பின், எம்மிடம் ஓதும் மாணவர் ஒருவரின் தகப்பனார் கோட்டைமேட்டிலிருந்து வந்திருந்தார். மகன் பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் எடுத்திருக்கிறான். வீட்டிற்கு ஒரு கணினி வேண்டும். கையில் முழுத்தொகை இல்லை. அட்டை மூலம் ‘வட்டியில்லாத் தவணை’ உண்டென்று கடையில் சொன்னார்களாம். “கூடுமா ஹஜ்ரத்?” என்றார்.

கடைக்காரரே ஒரு விலையை முடிவாகப் பேசிக்கொண்டு, அதைத் தவணையில் பெறுவது வேறு. இங்கோ கடன் தருவது வங்கி. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் சுற்றறிக்கை விடுத்திருக்கிறது. பிறகு நாம் சொல்ல என்ன இருக்கிறது?

ஆயினும் பிள்ளையின் படிப்பு நிற்கக்கூடாதே! ஒரு வழி உண்டு. கணினியை உதிரி பாகங்களாக வாங்கிப் பூட்டினால், இன்று முடிந்ததை இன்றும், மற்றதை அடுத்த ஆண்டும் வாங்கலாம். பின்னால் மாற்றக் கடினமானவற்றை மட்டும் முதலிலேயே நல்லதாக வாங்கிவிட வேண்டும்.

முதலாவது மதர்போர்டு. எந்தப் பிராசசர், எந்த மெமரி பொருந்தும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. டி.டி.ஆர்.4 மெமரி, டி.டி.ஆர்.5 இடத்தில் நுழையாது. 2025 இறுதியில் மெமரி விலை கடுமையாக ஏறியதால், இப்போதைக்கு 8 ஜி.பி. ஒன்று போட்டு, மற்ற இடத்தைக் காலியாக விட்டுவைப்பதில் குறைவில்லை.

இரண்டாவது, மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். கிரைண்டர் வாங்கும் கோவைக்காரர் பாத்திரத்தின் பளபளப்பையா பார்க்கிறார்? கல்லையும் மோட்டாரையும் அல்லவா பார்க்கிறார்! கணினிக் கடையில் மட்டும் வண்ண விளக்கு எரியும் பெட்டியில் மயங்கிவிடுகிறோம். அதனுள் பெயரில்லாத எஸ்.எம்.பி.எஸ். இருந்து பழுதானால், மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். ‘80 பிளஸ்’ முத்திரையுள்ள 450 வாட் போதும். எடுக்கும் மின்சாரத்தில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் கருவிக்குத் தரும் என்பதற்கான சான்று அது.

கிராபிக்ஸ் கார்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: இன்டெல் பிராசசரின் எண்ணுக்குப் பின் ‘எஃப்’ எழுத்து இருந்தால் அதில் படம் காட்டும் பகுதி இல்லை, தனிக் கார்டு இல்லாமல் திரை இருண்டே கிடக்கும். சில நூறு ரூபாய் மலிவென்று அதை வாங்கிவிட வேண்டாம். சேமிப்புக்குப் பழைய ஹார்டு டிஸ்க் வேண்டாம், சிறியதானாலும் எஸ்.எஸ்.டி.யே வேகம்.

ஒவ்வொரு பாகத்திற்கும் தனித்தனி உத்தரவாதம் உண்டு. ஆகவே வரிசை எண்களோடு ரசீது பெற வேண்டும். குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதிக்கொள்வது பற்றியதுதானே! துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுத் தரும் பழக்கத்தில் நம் வியாபாரிகளும் சளைத்தவர்கள் அல்லர்.

இவ்வளவும் கேட்டபின் அவர் தயங்கியபடி, “மானிட்டருக்கும் சேர்த்துப் பணம் பற்றாதே” என்றார். வீட்டுத் தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். மானிட்டர், இன்ஷா அல்லாஹ், பெருநாளைக்குப் பிறகு.