பிறவிக் குற்றவாளி யார்?
அமெரிக்கப் படமும் நம்மூர் ரேகைச் சட்டமும்



கீழக்குயில்குடித் தோழர் ஒருவர் சென்ற மாதம் நம்மைப் பார்த்து, "ஊரில் எவ்வளவோ சங்கதி கிடக்க, எழுபது வருஷத்துக்கு முன் அமெரிக்காக்காரன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றிக் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறீர்களே, அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. கேட்டவர் சமணர் மலை அடிவாரத்து ஆலமரத்து நிழலில் உட்கார்ந்து கேட்டார் என்பதால், பதிலையும் அந்த ஊரிலிருந்தே சொல்லுவோம். வேறு எந்த ஊருக்கும் இந்தப் படத்தோடு இவ்வளவு சம்பந்தம் இருக்குமா என்பது நமக்குச் சந்தேகமே.

படத்தின் பெயர் 'ட்வெல்வ் ஆங்ரி மென்'. கோபங்கொண்ட பன்னிரண்டு மனிதர்கள் என்பது பொருள். ரெஜினால்ட் ரோஸ் எழுதி, சிட்னி லுமெட் டைரக்ட் செய்து, ஹென்றி ஃபோண்டா நடித்து 1957இல் வெளிவந்தது. அதில் பாட்டு இல்லை. நடனம் இல்லை. ஆகாயத்திலிருந்து சக்கரத்தோடு இறங்கிவந்து ரட்சிக்கிற கடவுள் யாரும் இல்லை. ஒரு அறை, ஒரு மேஜை, ஓடாத மின்விசிறி ஒன்று, புழுக்கத்தில் வியர்த்துக் கொட்டும் பன்னிரண்டு ஜூரிகள். சேரிப் பையன் ஒருவன், பதினெட்டு வயது, பெற்ற தகப்பனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டான் என்று கேஸ். குற்றவாளி என்று பன்னிரண்டு பேரும் ஒருமிக்கச் சொன்னால் பையனுக்கு மரண தண்டனை. முதலில் கை தூக்கச் சொல்லும்போது பதினோரு பேர் குற்றவாளி என்கிறார்கள். ஒரே ஒருவன், "அவன் நிரபராதி என்று நான் சொல்லவில்லை, ஒரு உயிரைப் போக்குவதற்கு முன் கொஞ்ச நேரம் பேசிப் பார்ப்போமே" என்கிறான். படம் முழுவதும் அந்தப் பேச்சுத்தான்.

பகுத்தறிவு என்றால் என்ன என்று நாம் மேடை மேடையாகத் தொண்டை கிழியக் கத்துகிறோமே, அதை இந்த மனிதன் சத்தம் போடாமல் செய்து காட்டுகிறான். 'இம்மாதிரிக் கத்தி உலகத்திலேயே ஒன்றுதான், அதனால் இவன்தான் கொலைகாரன்' என்று ருசு சொல்லுகிறார்கள். அவன் தன் சட்டைப் பையிலிருந்து அதே மாதிரிக் கத்தி இன்னொன்றை எடுத்து மேஜையில் குத்தி நிறுத்துகிறான். பக்கத்துக் கடையில் வாங்கியதாம்! கீழ் வீட்டுக் கிழவர், சத்தம் கேட்டுப் பதினைந்து விநாடியில் கதவுக்கு ஓடிவந்து பையனைப் பார்த்தேன் என்று சாட்சி சொல்லியிருக்கிறார். கிழவருக்கோ கால் விந்தல். இவன் அறைக்குள்ளேயே அடி அளந்து நொண்டி நடந்து காட்ட, கடிகாரம் நாற்பது விநாடிக்கு மேல் போய்விடுகிறது. எதிர் வீட்டு அம்மாள் ஓடுகிற ரயிலின் ஜன்னல் வழியே கொலையைப் பார்த்தேன் என்றாளே, அவள் மூக்கில் கண்ணாடி போட்ட தழும்பு இருந்தது ஞாபகம் வருகிறது. படுக்கையில் புரண்டவள் கண்ணாடி போட்டுக்கொண்டா படுத்திருப்பாள்? இப்படி ஒவ்வொரு சாட்சியமும் ஆட்டம் காண்கிறது. யாரோ சொன்னார், பெரியவர் சொன்னார், எல்லோரும் சொல்லுகிறார்கள் என்பதற்காக எதையும் நம்பாதே, நீயே அளந்து பார் என்பதைத் தவிர இதில் வேறென்ன இருக்கிறது?

நிற்க. நாம் சொல்ல வந்த இடம் அதுவல்ல. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் இருக்கிறான். சாட்சியம், கத்தி, ரயில் எதைப் பற்றியும் அவனுக்குக் கவலையில்லை. "அந்தக் கூட்டத்தாரை எனக்குத் தெரியாதா? பிறக்கும்போதே பொய்யர்கள், குடிகாரர்கள், உயிரை மதிக்காதவர்கள், அவர்கள் ரத்தமே அப்படி" என்று கத்துகிறான். அவன் கத்தக் கத்த, மற்றவர்கள் ஒவ்வொருவராக மேஜையை விட்டு எழுந்துபோய் அவனுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். கடைசியில் அவன் குரல் தானே அடங்கிப் போகிறது.

கீழக்குயில்குடித் தோழர்களே, இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டதுபோல் இல்லையா?

1911இல் திருத்தி மதராஸ் ராஜதானிக்கும் நீட்டப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், மதுரைச் சீமையில் முதன்முதல் 1914இல் எந்த ஊர்மேல் பாய்ந்தது? இந்தக் கீழக்குயில்குடிமேல்தானே! வளர்ந்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் ரேகை கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும். திருடினாயா என்று கேள்வி இல்லை. இன்ன ஜாதியில் பிறந்தாயா என்பது ஒன்றே கேள்வி. ராத்திரியில் போலீஸ் சொன்ன இடத்தில் ஆஜராக வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். மகள் பிள்ளைப்பேற்றுக்கு ஆகட்டும், சம்பந்தி வீட்டு இழவுக்கு ஆகட்டும், சீட்டில்லாமல் போனால் அதுவே குற்றம். குற்றம் செய்யாமலிருப்பதற்கே தண்டனை கொடுத்த சட்டம் அது. மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கியால் பதில் சொன்னார்கள். செத்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. அதற்குள் முப்பத்து மூன்று வருஷம், ஒரு தலைமுறையே போய்விட்டது.

அமெரிக்கப் படத்தில் ஜூரி ஒருவன் புழுக்கத்தில் உளறியதை இங்கே சர்க்கார் சட்டமாக எழுதி, கெஜட்டில் போட்டு, பட்டாளம் வைத்து நடத்தியது. அங்கே மற்ற ஜூரிகள் முதுகைக் காட்டினார்கள். இங்கே யார் முதுகைக் காட்டினார்கள்? 'ஊருக்கு நல்லதுதானே, களவு குறையுமே' என்று பக்கத்து ஊர்ப் பெரிய மனிதர்கள் தலையாட்டியதைத்தான் நம் வீட்டுக் கிழவர்கள் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு இந்தக் கதையைச் சொன்னோம். வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "ஏம்ப்பா, எங்க அய்யா கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கிருவாரு, மை இன்னும் போகலைன்னு சொல்லுவாரு. அந்தப் படக்காரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். தெரிந்ததல்ல பெரியப்பா, எல்லா ஊரிலும் அக்கிரமத்துக்கு ஒரே பாஷைதான் என்றோம்.

சரி, சட்டம் போயிற்றே, புத்தி போயிற்றா? இதுதான் நம் சண்டை. மதுரை என்றால் அரிவாள், மதுரைக்காரன் என்றால் வெட்டுவான் குத்துவான் என்று கோடம்பாக்கத்தில் படமெடுக்கிறார்கள். கதாநாயகன் மீசையை முறுக்குகிறான், 'எங்க ரத்தம் அப்படி' என்கிறான், பின்னாலே கொட்டு முழங்குகிறது. 1914இல் போலீஸ்காரன் ரிக்கார்டில் எழுதியதும் இதே வாக்கியம்தானே? 'இவர்கள் ரத்தம் அப்படி' என்றுதானே எழுதினான்? அன்றைக்கு அவன் எழுதினான், நம் பாட்டனார் அழுதார். இன்றைக்குப் படக்காரன் சொல்லுகிறான், பேரப்பிள்ளை டிக்கட்டு வாங்கிப்போய் விசிலடிக்கிறான்! பாலாபிஷேகம் செய்கிறான்! தன் கழுத்தில் மாட்டிய பலகையைத் தானே பொன்முலாம் பூசி மாட்டிக்கொள்ளுகிற மடமை உலகத்தில் வேறெங்காவது உண்டா? ரத்தத்தில் வீரம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டவன், ரத்தத்தில் களவு இருக்கிறது என்று சொன்னால் மட்டும் எந்த முகத்தோடு மறுப்பான்? ரத்தத்தில் இரண்டும் கிடையாது. இருப்பது தண்ணீரும் உப்பும் இரும்பும்தான்.

இன்னும் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோபப்படுகிறவர்கள் படட்டும்.

1962இல் இன்னொரு படம் வந்தது. 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. ஹார்ப்பர் லீ என்ற அம்மையார் 1960இல் எழுதிய நாவல்; கிரெகரி பெக் வக்கீலாக நடித்து ஆஸ்கார் பரிசு வாங்கினார். அலபாமா நாட்டில் டாம் ராபின்சன் என்ற கறுப்புத் தொழிலாளி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்துவிட்டான் என்று பொய் வழக்கு. அடி விழுந்ததோ பெண்ணின் முகத்தில் வலது பக்கம், அடித்தவன் இடது கைக்காரனாயிருக்க வேண்டும். ராபின்சனுக்கு இடது கையே விளங்காது. கோர்ட்டில் எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். பார்த்தும் வெள்ளைக்கார ஜூரிகள் பன்னிரண்டு பேரும் குற்றவாளி என்றே சொல்லுகிறார்கள். ஏன்? அந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஊரிலேயே கடைசிப் பஞ்சைப் பராரி, குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது. ஆனாலும் ஒரு கறுப்பனைவிட மேல்! அந்த ஒரு 'மேல்' தவிர அவர்களிடத்தில் வேறு சொத்து இல்லை. அதைக் காப்பாற்ற ஒரு உயிரை வாங்குகிறார்கள்.

இது கறுப்பன் வெள்ளையன் விவகாரம், நமக்கென்ன என்பவர்களை நாம் கேட்கிறோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் எந்த ஜில்லாவில் இருக்கின்றன? அலபாமாவிலா? ஆதிதிராவிடத் தோழர்களுக்கென்று ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்கு 1996 முதல் 2006 வரை பத்து வருஷம் முறையாகத் தேர்தல் நடக்கவொட்டாமல் செய்த ஊர்கள் அவை. மேலூர்ப் பக்கம் மேலவளவில் 1997 ஜூன் 30ஆம் தேதி, தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்களே, அவர்கள் செய்த குற்றம் என்ன? பிறந்ததுதானே? பிறப்பினால் குற்றவாளி என்று ரேகை வாங்கப்பட்டவனின் பேரன், இன்னொருவனைப் பார்த்துப் பிறப்பினால் தாழ்ந்தவன் என்பானேயானால், அவன் தன் பாட்டனிடம் ரேகை வாங்கிய போலீஸ்காரனுக்குப் பேரனே தவிரப் பாட்டனுக்குப் பேரன் அல்ல. ராத்திரிச் சீட்டு அக்கிரமம் என்றால் டீக்கடை இரட்டைக் குவளையும் அக்கிரமம்தான். ஒன்றை நினைத்து அழுதுவிட்டு மற்றதைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது என்ன யோக்கியதை?

அந்தப் படத்திலும் நமக்கு ஒரு குறை உண்டு. வக்கீல் நல்லவர், சந்தேகமில்லை. ஆனால் கதை முழுவதும் அந்த வெள்ளைக்கார நல்லவரின் கதையாகிவிடுகிறது. ராபின்சனுக்கு சாட்சிக் கூண்டில் கிடைத்த சில நிமிஷம்தான், அப்புறம் தப்பி ஓடினான் சுட்டார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். மேல்மாடியில் ஒதுக்கி உட்கார வைக்கப்பட்ட கறுப்பு ஜனங்கள் வக்கீலுக்காக எழுந்து நிற்கிறார்கள். மரியாதைதான். அவர்கள் ஏன் மாடியிலிருந்து இறங்கி வரவில்லை என்று நமக்கு எரிச்சல் வருகிறது. மேல்ஜாதி நல்லவன் ஒருவன் வருவான், நமக்காகப் பேசுவான் என்று காத்துக்கிடப்பது பக்தனின் வேலை.

அமெரிக்க சினிமாவைத் தலைமேல் வைத்து ஆடுகிறோம் என்றும் யாரும் எண்ண வேண்டாம். 'கான் வித் தி விண்ட்' படத்தில் நடித்ததற்காக ஹாட்டி மெக்டேனியல் என்ற கறுப்பம்மையாருக்கு 1940இல் ஆஸ்கார் கொடுத்தார்களே, எங்கே உட்கார வைத்துக் கொடுத்தார்கள் தெரியுமா? மற்ற நடிகர்களோடு அல்ல, சுவரோரம் தனி மேஜையில்! அதற்கும் நம் டீக்கடை இரட்டைக் குவளைக்கும் தூரந்தான் வித்தியாசம். நமக்கு வேண்டியது அங்கேயுள்ள சரக்கில் நல்லதைப் பொறுக்கிக்கொள்வதே.

அப்படிப் பொறுக்கிக் காட்டியவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். ஃபிராங்க் காப்ரா 1936இல் எடுத்த 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' என்ற படத்தைத் தழுவி அண்ணாதுரை எழுத, 1949இல் 'நல்லதம்பி' வந்தது. திடீரென்று சொத்து வந்த பட்டிக்காட்டான் அதை ஏழைகளுக்குக் கொடுக்கப்போக, பைத்தியம் என்று கோர்ட்டுக்கு இழுக்கிறார்கள் என்பது அமெரிக்கக் கதை. நம்மவர் அதற்குள் கிந்தனார் காலட்சேபத்தைக் கொண்டுவந்து வைத்தார். கோவிலுக்குள் போக நெருப்பில் இறங்கிய நந்தனுக்குப் பதிலாக, ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து முன்னேறுகிற கிந்தன்! இதைத் தழுவல் என்பதா, திருத்தம் என்பதா?

அந்தக் கலைவாணரையே ஜூரிகள் சிறைக்கு அனுப்பினார்கள் என்பதையும் மறக்கலாகாது. 1944 லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவருக்கும் தியாகராஜ பாகவதருக்கும் 1945இல் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்பிவந்து, 1947 ஏப்ரலில் ஹைகோர்ட்டு விடுதலை செய்தது. சென்னை ஹைகோர்ட்டு ஜூரியில் ஒன்பது பேர்; ஒருமித்த முடிவு வேண்டியதில்லை, பெரும்பான்மையே போதும். ஒற்றை ஆள் மறுத்து நின்று மற்றவர்களை மறுபடி யோசிக்க வைக்கும் வழி சட்டத்திலேயே இல்லை. அந்த அமெரிக்கப் படத்தை நாம் ஏன் திரும்பத் திரும்பச் சொல்லுகிறோம் என்பது இப்போது அந்தத் தோழருக்கு விளங்கியிருக்கும்.

படத்தைக் கீழக்குயில்குடியில் போடுவதென்று தோழர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். துணித் திரையும் மிஷினும் மதுரையிலிருந்து வருகின்றன. இங்கிலீஷ் வசனத்துக்கு நாம் பக்கத்தில் நின்று தமிழ் சொல்லுவோம். ஊருக்குள் ஒரு தெரு, காலனிக்கு ஒரு தெரு என்று இரண்டு நாள் போடலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். முடியாது என்று சொல்லிவிட்டோம். ஒரே நாள், ஒரே இடம், ஒரே ஜமக்காளம். முன்னால் வருகிறவர் முன்னால் உட்காரலாம்.