கூடத்து மான் தலையும் பேரனின் தும்மலும்

எங்கள் புதுச்சேரி வீட்டுக் கூடத்தில், ஊஞ்சலுக்கு நேர் மேலே, மாமனார் காலத்துக் கடமான் தலை ஒன்று. லீவுக்கு வந்த மூணு வயசுப் பேரனுக்கு நாலு நாளாய்த் தும்மல், ராத்திரியில் இழுப்பு. குளிர்ச்சி என்று நினைத்தோம். டாக்டர்தான், "வீட்டில் தூசு சேருகிற பழைய சாமான் உண்டா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. வெள்ளிதோறும் அதை ஒட்டடைக் கம்பால் தட்டுகிறவள் நான்தானே!

அலர்ஜிக்குக் காரணம் பெரும்பாலும் மானின் மயிர் அல்ல, அதில் தங்கும் தூசும் தூசுப்பூச்சிகளும் தோலை அரிக்கும் புழுக்களின் சுணையும்தான். இன்னொரு ஆபத்தும் உண்டு சகோதரிகளே! பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் தோலின் உட்புறம் பாஷாணச் சோப்பு தடவுவார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பெக்கூர் என்ற பிரெஞ்சு மருந்துக்காரர் செய்தது அது. தட்டினால் அந்த விஷமும் பறக்கும்.

குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு, நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் மயிர் படிந்த வாக்கிலேயே மெள்ள ஒற்றுங்கள். துணியைத் துவைக்காமல் எறிந்துவிடுங்கள். கண்ணாடிக் கண்ணுக்கு ஈரப் பஞ்சு போதும். வெயிலில் காயப் போட்டால் தோல் வெடிக்கும். கீழே தவிட்டுப் பொடி போல் உதிர்ந்தால் பூச்சி விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

விற்றுவிடலாமே என்றால், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் விடாது. பழுது பார்க்கவும் ஆள் அரிது. பேர்போன மைசூர் வான் இங்கன் கம்பெனியையே 1999-ல் மூடிவிட்டார்கள்.

மாமியாருக்கு மனசில்லைதான். கண்ணாடிப் பெட்டி செய்து மாடி அறையில் வைத்த பிறகே சமாதானமானார். மருந்தும் சேர்ந்து, பேரனுக்கு இழுப்பு குறைந்திருக்கிறது. ஊஞ்சலுக்கு மேலே ஆணி மட்டும் அப்படியே இருக்கிறது.